சனிக்கிழமை இரவு 24 மணி

ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. போன மாதம் இங்கே அனிமே என்கிற ஜப்பான் அனிமேஷன் தொடர்கள் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாக அனுப்பிவிட்டார். ஆவணி முகூர்த்த பிளவுஸ் எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. தீபாவளித் துணி வந்து குவிவதற்குள் பதில் எழுதிவிடுகிறேன்.

*2025 ஜூலை சீசனில் என்னென்ன பார்த்தீர்கள் அக்கா?*
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

அந்த ஜூலையில் தொடங்கியவற்றில் விடாமல் பார்த்தது மூன்று. 'மை டிரெஸ்-அப் டார்லிங்' இரண்டாம் சீசன், 'டான்டடான்' இரண்டாம் சீசன், அப்புறம் 'கவோரு ஹானா வா ரின் தோ சாகு'. கடைசிப் பெயர் எனக்கு வாயில் நுழையாது. வீட்டில் அதற்குப் பெயர் 'கேக் கடை'.

கேக் கடையின் கதை இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடம். சிதோரி என்பது மார்க் வராத பையன்கள் சேருகிற இடம். கிக்யோ, வசதியான வீட்டுப் பெண்கள் படிப்பது. சிதோரிப் பையன் என்றாலே கிக்யோப் பெண்களுக்கு முகம் சுளிக்கும். ரின்தாரோ பனைமரம் மாதிரி உயரம், சாயம் போட்ட தலை, காதில் கம்மல். தெருவில் எதிரே வந்தால் ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். அவன் வீட்டில் கேக் கடை நடத்துகிறார்கள். அங்கே வந்து தட்டு தட்டாகக் காலி செய்கிற குட்டிப் பெண் வகுரி. அவள் கிக்யோ.

இதில் வில்லன் கிடையாது. ரின்தாரோ தன் நண்பர்களிடம் இவளைப் பற்றி மறைக்கிறான், அது வெளியே வருகிறது, உட்கார்ந்து பேசுகிறார்கள், சரியாகிறது. வகுரியின் தோழி சுபாரு, "அவளை விட்டு விலகிவிடு" என்று அவனிடமே நேரில் வந்து சொல்கிறாள். அதுவும் பேசித்தான் தீர்கிறது. நம்ம ஊர் சீரியலில் இந்த ஒரு விஷயத்தை வைத்தே நூற்றைம்பது நாள் ஓட்டி, நடுவில் ஒரு விஷப் பாட்டிலையும் காட்டியிருப்பார்கள்.

*வாரா வாரம் பார்ப்பதா, முடிந்ததும் மொத்தமாகப் பார்ப்பதா? எனக்குப் பொறுமையே இல்லை.*
(ஐடி ஊழியர், கோவை)

மொத்தமாகப் பாருங்கள், யார் தடுத்தது? நான் மட்டும் வாரா வாரம்தான்.

ஜப்பான் டிவி அட்டவணையில் 'சனி 24:00' என்று போடுவார்கள். முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். அவர்களுக்கு, தூங்கி எழும்வரை அந்த நாள் முடிவதில்லை. அதனால் ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணியைச் சனிக்கிழமை 25:30 என்று எழுதுவார்கள். டிரெஸ்-அப் டார்லிங் 2025-இல் சனி 24:00-க்கு வந்தது. நமக்கும் ஜப்பானுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், ஆகவே இங்கே சனி இரவு எட்டரை. ஓடிடியில் வந்து சேர இன்னும் கொஞ்சம் ஆகும். நான் ஷட்டரை இறக்கி, பாபினுக்கு நூல் சுற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் சரியாக இருந்தது.

ஏன் நடுராத்திரியில் போடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பெரும்பாலான தொடர்களைப் புத்தகம் போடுகிறவர், பாட்டு கம்பெனி, பொம்மை செய்கிறவர் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டுத்தான் எடுக்கிறார்கள். டிவி நேரத்தையும் அந்தக் கமிட்டியே காசு கொடுத்து வாங்கும். நடுராத்திரி என்றால் விலை குறைவு. வருஷத்துக்கு 52 வாரம், சீசன் நாலு, ஒரு சீசனுக்கு 12 அல்லது 13 எபிசோட். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நம்ம ஊர்ப் பட்டம் பார்த்து விதைப்பு மாதிரி.

என் அம்மா வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து பைண்ட் பண்ணி வைப்பார். 'தொடரும்' என்று போட்ட இடத்தில் ஒரு வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டு அக்காவோடு அடுத்து என்ன ஆகும் என்று பேச்சு நடக்கும். அந்தப் பேச்சை மொத்தமாகப் பார்க்கிறவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்?

*பொம்மைப் படம்தானே என்று மகளை விட்டுவிட்டேன். இப்போது ரொமான்ஸ் என்கிறாள். பார்க்க விடலாமா?*
(இல்லத்தரசி, திருச்சி)

என் மகள் பிளஸ் டூ. 2020 ஊரடங்கில் அவளோடு சேர்ந்துதான் எனக்கும் இந்தப் பழக்கம் வந்தது, அதனால் அனுபவத்திலேயே சொல்கிறேன். பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்கு என்று அர்த்தம் இல்லை. அனிமே என்பது எடுக்கிற முறை, அவ்வளவுதான். 2025 ஜூன் கடைசியில் 'டகோபி' என்று ஒன்று வந்தது, ஆறே எபிசோட். படத்தில் இளஞ்சிவப்பு ஆக்டோபஸ் குட்டி சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே பள்ளிக்கூடத்துச் சித்திரவதையும் தற்கொலையும். பெரியவளான எனக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டிரெஸ்-அப் டார்லிங்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. முதல் சீசனில் அளவெடுக்கிற எபிசோடில் நான் மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது.

உங்கள் மகளோடு சேர்ந்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ஷின்சானையும் டோரேமானையும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டையும் எடுக்கிற ஷின்-எய் நிறுவனம்தான் 'தி டேஞ்சர்ஸ் இன் மை ஹார்ட்' எடுத்தது. 2023-இல் ஒரு சீசன், 2024-இல் ஒன்று. எட்டாம் வகுப்புப் பையன் இச்சிகாவா தன்னைப் பெரிய பயங்கர ஆளாக நினைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பிலேயே அழகான, மாடலிங் செய்கிற யமதா, நூலகத்தில் ஒளிந்து நொறுக்குத் தீனி தின்கிறாள். அதை அவன் பார்த்துவிடுகிறான். இவ்வளவுதான் தொடக்கம். முதல் எபிசோடில் பையனின் எண்ணம் கொஞ்சம் விகாரமாகத் தோன்றும், மூன்று வரை பொறுங்கள்.

*இந்த வயதில் கார்ட்டூன் பார்க்க வெட்கமாக இல்லையா?*
(பெயர் வேண்டாம், கரூர்)

உங்களுக்குப் பெயர் போடவே வெட்கம். நான் ஊரையே போட்டு எழுதுகிறேன்.

*நானும் டெய்லர்தான். டிரெஸ்-அப் டார்லிங்கில் அந்தப் பையன் தைப்பது நம்பும்படி இருக்கிறதா?*
(கோபிசெட்டிபாளையம்)

வாங்க அண்ணா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காக: கோஜோ, சைத்தாமா மாநிலத்தில் இவாத்சுகி என்ற ஊர்ப் பையன். அது நிஜமாகவே பொம்மை செய்கிற ஊர். மார்ச் 3-இல் பெண் குழந்தை உள்ள வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா ராணி, தோழிப் பெண்கள், வாத்தியக்காரர்கள் என்று பொம்மை அடுக்குவார்கள். கொலு வைக்கிற நமக்கு விளக்கமே வேண்டியதில்லை. நாள் கழிந்தும் எடுத்து வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கேயும் ஒரு பாட்டி சொல்லிவைத்திருக்கிறாள். கோஜோவின் தாத்தா அந்தப் பொம்மைகள் செய்கிறவர். பையனுக்கும் அதே ஆசை. சின்ன வயதில் ஒரு சிநேகிதி, ஆண்பிள்ளை பொம்மையை விரும்புவதா என்று கத்தியதில், அதற்குப் பிறகு யாரிடமும் சொல்வதில்லை. வீட்டு மெஷின் கெட்டுப்போய், பள்ளிக்கூடத் தையல் அறையில் உட்கார்ந்து பொம்மைத் துணி தைக்கும்போது மரின் கிதகவா பார்த்துவிடுகிறாள். அவளுக்குக் கதை நாயகிகள் மாதிரி உடுத்திக்கொள்ள ஆசை, தைக்க மட்டும் வராது.

அவள் தானே தைத்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவாள், நினைவிருக்கிறதா? தையல் கோணல், விளிம்பு பிசிறு. வெட்கப்பட்டுப் பேச்சே வராத பையன், அதைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு குறையாகக் கிழித்துத் தொங்கவிடுவான். சத்தியமாக நான்தான் அது. யாராவது வேறு கடையில் தைத்த பிளவுஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னால் எனக்கும் மரியாதை மறந்துபோகும்.

பொம்மைக்குத் தைத்த கை மனிதருக்குத் தைப்பது அவ்வளவு லேசில்லை. பொம்மை மூச்சு விடாது, கையைத் தூக்காது, மத்தியானம் சாப்பிடாது. அளவுக்கு மேல் எவ்வளவு லூஸ் விட வேண்டும் என்பதைப் பொம்மை கற்றுத் தராது. அக்குள் பக்கம் அரை இஞ்ச் தப்பினால் கஸ்டமர் ஆட்டோவில் கம்பியைப் பிடிக்கும்போது விட்டுப்போகும். ஆனால் ஒன்று, பொம்மைத் துணி தைத்தவனுக்கு மடிப்பும் ஓரமும் சுத்தமாக வரும். சின்ன அளவில் பிசிறை மறைக்க இடமே இல்லையே. அவன் மரினுக்குத் தைத்த அந்தக் கறுப்பு கவுனின் ஃபிரில் அவ்வளவு நேர்த்தியாக வந்ததை அதனால் நம்புகிறேன். பள்ளிப் பையன் ஒருத்தன் தனியாக இரண்டு வாரத்தில் முடித்ததைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு வாரம்தான் என்னை அழவைத்தது. மரின், வேஷம் போட்டுப் போகிற ஏதோ ஒரு நிகழ்ச்சியைப் பேச்சுவாக்கில் சொல்ல, அதற்குள் முடிக்க வேண்டும் என்று இவன் தப்பாக எடுத்துக்கொள்கிறான். நடுவில் பரீட்சை, தாத்தா ஆஸ்பத்திரியில். ராத்திரி ராத்திரியாகத் தைத்து, முடியாது என்று உடைந்து, மறுபடி உட்கார்ந்து முடிக்கிறான். கடைசியில் அவள், "நான் அந்தத் தேதியைச் சொல்லவே இல்லையே" என்கிறாள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி மூன்று மணிக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். காலையில் போன் செய்தால், "அக்கா, அது கார்த்திகைக்குத்தான், அவசரமே இல்லை" என்பார்கள்.

இன்னொன்று. கோஜோ 'கிரேய்' என்ற சொல்லை, அழகு என்பதை, லேசில் சொல்லமாட்டான். நிஜமாகவே மனதைத் தொட்ட பொருளுக்குத்தான் சொல்வான். அது அவளுக்கும் தெரியும். நிகழ்ச்சி முடிந்து ரயிலில் வரும்போது, பாதித் தூக்கத்தில் அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறான். அவள் தொலைந்தாள். முத்தமும் இல்லை, பாட்டும் இல்லை, ஒரே ஒரு சொல்தான்.

*ஏன் இவர்கள் கடைசி வரை காதலைச் சொல்லவே மாட்டேன் என்கிறார்கள்? வெறுப்பாக இருக்கிறது.*
(11-ஆம் வகுப்பு, சேலம்)

இரண்டு காரணம் தம்பி. ஒன்று அவர்கள் ஊர் வழக்கம். ஜப்பானில் "உன்னைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகு" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெயர் 'கொகுஹாகு'. அதுவரை நூறு நாள் சேர்ந்து நடந்தாலும் கணக்கில் வராது. சொல்லிவிட்டால் அன்றைக்கே ஜோடி. வேலி மாதிரி ஒரு கோடு இருப்பதால் கதை முழுக்க அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது.

இரண்டாவது காரணம் வியாபாரம். கதைக்கு மூலமான மாங்கா என்ற படக்கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 12 எபிசோடில் முதல் நாலைந்து புத்தகம்தான் அடங்கும். மீதி வேண்டுமா, புத்தகம் வாங்கு என்கிறார்கள். 'கிமி நி தொதோகே' என்ற காதல் தொடரின் முதல் சீசன் 2009-இல் வந்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது 2011. மூன்றாவது 2024-இல் வந்தது, அவள் அப்போது உங்களை மாதிரி 11-ஆம் வகுப்பு.

அவசரம் என்றால் 'ஓரே மோனோகதாரி' பாருங்கள், 2015. முரட்டு உடம்புக்காரப் பையன், ரயிலில் தொல்லை கொடுத்தவனிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். மூன்றாவது எபிசோடிலேயே விஷயம் முடிந்துவிடும், மீதி 21 எபிசோட் சந்தோஷமாக இருப்பார்கள். 'ஹோரிமியா'வும் வேகம்தான். பதினாறு புத்தகத்தைப் பதின்மூன்று எபிசோடில் அமுக்கியதில் துணை ஜோடிகள் நசுங்கிப்போனார்கள். விடுபட்டதை எடுத்து 2023-இல் தனியாக ஒரு சீசன் போட வேண்டியதாயிற்று.

*வாணவேடிக்கை சத்தத்தில் காதல் சொல்வது கேட்காமல் போகிறதே, அது எத்தனை தடவை?*
(புதுச்சேரி)

எண்ணுவதை நிறுத்திவிட்டேன். யுகாத்தா என்ற கோடைக் கிமோனோவைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாலே நான் எழுந்து பால் காய்ச்சப் போய்விடுவேன்.

*சப்-ஆ, டப்-ஆ? தமிழில் பார்க்கலாமா?*
(தஞ்சாவூர்)

சண்டைக் கதைக்குத் தமிழ் தாராளமாகப் போதும். 'சோலோ லெவலிங்' தமிழில் இருக்கிறது. 'டீமன் ஸ்லேயர்' படம் ஒன்று 2025 செப்டம்பர் 12-இல் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது, மகள் அதற்கு முன்பே நச்சரித்தாள். ரொமான்ஸ் என்றால் நான் ஜப்பான் குரலோடுதான். ஆங்கில எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிப்பேன், ஓடிவிட்டால் மகள் நிறுத்திச் சொல்வாள்.

காரணம், கூப்பிடுகிற முறை. அங்கே வகுப்பில் எல்லோரும் குடும்பப் பெயரைச் சொல்லி 'சான்', 'குன்' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அது ஒரு சம்பவம். இரண்டாம் சீசன் வந்தும் கோஜோ அவளை 'கிதகவா-சான்' என்றே அழைக்கிறான், கூடப் படிக்கிறவளிடம் முழுக்க "வாங்க, போங்க" பேச்சு. ஆங்கில சப்பில் அந்தப் பணிவு காணாமல் போய் வெறும் 'யூ' நிற்கும். தமிழில் செய்தால் 'நீங்க' என்று அழகாக உட்காரும், நமக்கு அந்த வசதி இருக்கிறது.

டான்டடானில் இன்னும் வேடிக்கை. கதாநாயகி மோமோவுக்குப் பழைய நடிகர் கென் தகாகுரா என்றால் உயிர். பேய், வேற்றுக்கிரகவாசி என்று அலைகிற கண்ணாடிப் பையனின் பெயரும் கென் தகாகுரா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை, 'ஒகாருன்' என்று புதுப் பெயர் வைத்துவிடுகிறாள். அவ்வளவு பேய்ச் சண்டைக்கு நடுவில் எனக்கு ஒட்டிக்கொண்டது அதுதான். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் வீட்டுக்காரரை நான் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். ரேஷன் கார்டு ஆபீசில் பெயர் கேட்டால் மகளைச் சொல்ல விடுவேன்.

*எல்லாமே பள்ளிக்கூடக் காதல். பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லையா?*
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்)

இருக்கிறது ஐயா. 'மேசோன் இக்கோகு', 1986 முதல் 1988 வரை, 96 எபிசோட். பழைய வாடகை வீடு. அதைப் பார்த்துக்கொள்ள வருகிற கியோகோ இளம் விதவை. குடியிருக்கும் கோதாய், காலேஜில் இடம் கிடைக்காமல் மறுபடி பரீட்சைக்குப் படிக்கிறவன். அவள் கூடவே ஒரு நாய், பெயர் சோய்ச்சிரோ. அது இறந்துபோன கணவர் பெயர். ஒன்றும் தெரியாமல் கோதாய் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான், அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். நிதானமாகப் போகும், கல்யாணம் வரை போகும். அலுவலக ஜோடி வேண்டுமென்றால் 'வோத்தாகோய்', 2018, பதினொன்றே எபிசோட், சிரிப்பு.

*'ரென்ட் எ கேர்ள்ஃபிரெண்ட்' நாலாவது சீசன் 2025-இல் வந்ததே, பார்த்தீர்களா?*
(திருப்பூர்)

இரண்டாவதிலேயே இறங்கிவிட்டேன். கதாநாயகன் கஸுயாவுக்கு அளவு எத்தனை தடவை எடுத்தாலும் அவன் வளர்வதில்லை.

*ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன். எதைப் பார்க்க?*
(சென்னை)

'ட்சுகி கா கிரேய்'. 2017, பன்னிரண்டு எபிசோட், மாங்கா இல்லாமல் அனிமேவாகவே எழுதியது. பெயருக்கு 'நிலா அழகாக இருக்கிறது' என்று அர்த்தம். நட்சுமே சோசெகி என்ற எழுத்தாளர் 'ஐ லவ் யூ'வை அப்படித்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று மாணவனிடம் சொன்னதாக அங்கே ஒரு கதை உண்டு. ஆதாரம் எதுவும் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

ஊர் கவாகோயே, அதுவும் சைத்தாமாதான். ஒன்பதாம் வகுப்பு கோத்தாரோவுக்குக் கதை எழுத ஆசை. அகானே ஓட்டப்பந்தய வீராங்கனை. முதல் எபிசோடில் ஒரு ஓட்டலுக்கு இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்துவிடுகிறது. அம்மாக்கள் சிரித்துச் சிரித்துப் பேச, பிள்ளைகள் இரண்டும் தரையைப் பார்த்துச் செத்துப்போகின்றன. அந்த வயதில் அம்மாவோடு கடைத்தெருவில் போய், வகுப்புப் பையன் எதிரே வந்த எல்லோருக்கும் அது புரியும். போனில் செய்தி அனுப்புகிறார்கள், எழுதி எழுதி அழிக்கிறார்கள். நல்ல பதில் வந்துவிட்டால் கோத்தாரோ அறையில் தொங்கும் விளக்குக் கயிற்றைக் குத்துச்சண்டை வீரன் மாதிரி குத்துவான். அகானே படபடப்பு வந்தால் ஒரு குட்டிப் பொம்மையைப் பிசைந்துகொண்டே நிற்பாள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கிற நேரம் நிறைய. போனை நோண்டிக்கொண்டு பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும்.

ஒரு வேண்டுகோள். கடைசி எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுக்காதீர்கள். ஓரமாக அவர்களுடைய செய்திகள் வந்துகொண்டே இருக்கும், கடைசி வரி வரை படியுங்கள். என் மகள் பாதியிலேயே அணைத்துவிட்டு, மூன்று நாள் என்னோடு சண்டை போட்டாள்.